எனக்குக் கணக்கு வராது!

"எனக்கும் கணக்குக்கும் ஏழாம் பொருத்தம்" என்று சொல்லிவிட்டுச் சிரிக்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கல்யாணப் பந்தி, ரயில் பெட்டி, புத்தக வெளியீட்டு விழா என்று எங்கே நாலு படித்தவர்கள் கூடினாலும், அவர்களில் ஒருவராவது இந்த வாக்கியத்தைச் சொல்லாமல் எழுந்து போவதில்லை. சொல்லும்போது முகத்தில் வெட்கம் இருக்காது. ஒரு தினுசான பெருமைதான் இருக்கும். "எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது" என்று யாராவது இப்படிச் சிரித்துக்கொண்டே சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? எண்ணையும் எழுத்தையும் இரண்டு கண்கள் என்று சொல்லிவிட்டுப் போனார் வள்ளுவர். அதில் ஒன்றை மூடிக்கொண்டு நடப்பதை நாகரிகம் என்று நினைக்கிற கூட்டம் இந்த நாட்டில் உண்டென்றால், அது நாமேதான். கதை படிக்கிற, கதை எழுதுகிற, கதைக்காகக் கண்ணீர் விடுகிற நடுத்தர வர்க்கத்தார்தான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வாக்கியம் பொய். கணக்கு வராதவர்கள் என்று நாம் பேசிக்கொள்கிற அத்தனை பேருக்கும் கணக்கு வரும். மாதம் ஐயாயிரம் ரூபாய் ஏலச் சீட்டில் மூன்றாம் மாதமே தள்ளி எடுத்தால் எவ்வளவு நஷ்டம், கடைசி வரை காத்திருந்தால் எவ்வளவு லாபம் என்பதைத் தோசை வார்த்துக்கொண்டே மனத்துக்குள் போட்டுப் பார்க்கிற குடும்பத் தலைவிகள் நம்மிடையே உண்டு. நகைக் கடையில் செய்கூலி இத்தனை, சேதாரம் இத்தனை என்று கடைக்காரர் சொல்லி முடிப்பதற்குள், "பக்கத்துக் கடையில் இதைவிட இரண்டு சதவீதம் குறைவு" என்று சொல்லக்கூடியவர்கள் நாம். ஆகவே விஷயம் மூளையில் இல்லை. பணம் இருக்கிற இடத்தில் நாம் எண்ணுகிறோம். உடம்பு, ஓட்டு, நமது சொந்த ஓரவஞ்சனை என்கிற மூன்று இடங்களில் மட்டும், கணக்கை வாசலோடு நிறுத்திவிட்டு, "எனக்கு வராது" என்று கதவைச் சாத்திக்கொள்கிறோம். சாத்துவதற்குக் காரணம் இருக்கிறது. உள்ளே வந்தால் அது என்ன சொல்லும் என்று நமக்கு அரைகுறையாகத் தெரியும்.

உடம்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். அதைப் பற்றிப் பேசினால்தான் நம்மவர்கள் காது கொடுப்பார்கள்.

அறுபதாம் கல்யாணத்துக்குப் பிள்ளைகள் வேட்டி, புடவை எடுத்துத் தந்த காலம் போய், "மாஸ்டர் ஹெல்த் செக்-அப்" எடுத்துத் தருகிற காலம் வந்திருக்கிறது. காலையில் வெறும் வயிற்றோடு போய் உட்கார்ந்தால், மாலையில் வழவழப்பான காகிதத்தில் நாலைந்து பக்கம் கையில் வந்துவிடும். அதில் சில எண்களுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. அந்தக் குறியைக் கண்டதும் குடும்பமே உறக்கம் இழக்கும். அடுத்த பரிசோதனை, அதற்கடுத்த ஸ்கேன், இன்னொரு நிபுணர். அந்த நட்சத்திரம் எப்படி வந்தது என்று ஒருவராவது கேட்டதுண்டா?

பல ரத்தப் பரிசோதனைகளில் "இயல்பான அளவு" என்று அச்சடிக்கிறார்களே, அது வானத்திலிருந்து விழுந்ததல்ல. ஆரோக்கியமான ஆட்கள் பலரைச் சோதித்து, அவர்களில் நடுவிலே நிற்கிற 95 சதவீதம் பேருடைய அளவை எடுத்து, அதற்கு இயல்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதாவது, ஒரு நோவும் இல்லாத நூறு பேரைச் சோதித்தாலும் ஐந்து பேர் அந்த எல்லைக்கு வெளியே நிற்பார்கள். அவர்கள் நிற்கும்படியாகத்தான் எல்லையே போடப்பட்டிருக்கிறது. இப்போது ஒன்றையொன்று சாராத 20 பரிசோதனைகளைச் சேர்த்து ஒரு பொட்டலமாகக் கட்டி விற்றால் என்ன ஆகும்? முழு ஆரோக்கியத்தோடு உள்ளே போகிற நூறு பேரில் ஒரு நட்சத்திரமும் இல்லாமல் வெளியே வருகிறவர்கள் சுமார் 36 பேர்தான். பாக்கி 64 பேரும் ஏதோ ஒரு நட்சத்திரத்தைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வருவார்கள். பரிசோதனையை நாற்பதாக உயர்த்தினால் தப்புகிறவர்கள் பதின்மூன்று பேர். (ஒன்றோடொன்று தொடர்புள்ள பரிசோதனைகளாக இருந்தால் இந்த எண்கள் கொஞ்சம் மாறும், பாடம் மாறாது.) "இருபதைவிட நாற்பது உசத்தி" என்று நினைத்துப் பெரிய பொட்டலத்தை வாங்குகிறோமே, கூடுதல் பணத்துக்குக் கூடுதல் பயத்தையும் சேர்த்து வாங்குகிறோம். கத்தரிக்காய் வாங்கும்போது இப்படி ஏமாறுவோமா?

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. ஆயிரத்தில் ஒருவருக்கு வரக்கூடிய ஒரு நோய். அதைக் கண்டுபிடிக்க ஒரு பரிசோதனை. நோய் உள்ளவரை அது தவறவிடாது. நோய் இல்லாதவர்களில் மட்டும் நூற்றுக்கு ஐந்து பேரை நோயாளி என்று தப்பாகச் சொல்லிவிடும். உங்களுக்கு "உண்டு" என்று முடிவு வருகிறது. உங்களுக்கு உண்மையிலேயே நோய் இருப்பதற்கு எவ்வளவு வாய்ப்பு? 1978-ல் அமெரிக்காவில் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் 60 பேரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டார்கள். அனுபவப்பட்ட டாக்டர்கள், பயிற்சி டாக்டர்கள், கடைசி வருஷ மாணவர்கள் என்று கலவையான கூட்டம். கிட்டத்தட்டப் பாதிப் பேர் 95 சதவீதம் என்றார்கள். சரியான பதிலைச் சொன்னவர்கள் 11 பேர்.

சதவீதத்தை விட்டுவிட்டு மனிதர்களாக எண்ணிப் பாருங்கள். ஒரு கல்யாண மண்டபத்தில் ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு மட்டும் அந்த நோய். பரிசோதனை அந்த ஒருவரை எழுந்து நிற்கச் சொல்லும். பாக்கி 999 பேரில் நூற்றுக்கு ஐந்து வீதம் ஏறக்குறைய ஐம்பது பேரையும் எழுந்து நிற்கச் சொல்லும். இப்போது நிற்கிறவர்கள் 51 பேர். நோயாளி அவர்களில் ஒருவர். நிற்கிற ஒவ்வொருவருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு. அவ்வளவுதான் சமாசாரம்! 95 எங்கே, 2 எங்கே? இந்த வித்தியாசத்துக்குள் எத்தனை வீடுகளின் தூக்கமும் சேமிப்பும் காணாமல் போயிருக்கும் என்பதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. கெர்ட் கிகரென்சர் என்கிற ஜெர்மானிய உளவியலாளர், டாக்டர்களுக்கே இப்படித் தலை எண்ணிக் காட்டினால் சட்டென்று புரிந்துகொள்கிறார்கள் என்று செய்து காட்டியிருக்கிறார். நாம் தலை எண்ணத் தெரியாதவர்களா? எத்தனை இலை போட வேண்டும் என்று பந்திக்குப் பந்தி எண்ணுகிறவர்கள்தானே?

"அப்படியானால் பரிசோதனையே வேண்டாம் என்கிறீரா?" என்று யாராவது சண்டைக்கு வரலாம். இல்லை. இருமலும் எடைக் குறைவும் கண்டு, டாக்டர் சந்தேகப்பட்டு, சோதிக்கச் சொல்கிறபோது நீங்கள் அந்த ஆயிரம் பேர் மண்டபத்தில் இல்லை; நோயாளிகள் நிறைய உட்கார்ந்திருக்கிற வேறொரு சின்ன அறையில் இருக்கிறீர்கள். அங்கே அதே பரிசோதனையின் வார்த்தைக்கு மதிப்பு அதிகம். எந்த அறையில் உட்கார்ந்திருக்கிறோம் என்று கேட்கத் தெரிய வேண்டும் என்பதுதான் என் வழக்கு.

இனி நம்முடைய இன்னொரு பழக்கத்துக்கு வருகிறேன். இதில் கதைக்காரர்களான எங்களுக்கும் பங்கு உண்டு. "எங்க மாமாவுக்குக் காமாலை வந்து கண்ணெல்லாம் மஞ்சள். ஆஸ்பத்திரிக்காரன் கைவிட்டான். கிராமத்திலே ஒருத்தர் மூணு வேளை ஒரு பச்சிலை அரைச்சுக் கொடுத்தார். எழுந்து உட்கார்ந்துட்டார்!" இந்தக் கதையைக் கேட்காத தமிழர் இருக்க முடியாது. கதை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கல்லீரலைத் தாக்குகிற ஏ வகை வைரஸால் வரும் காமாலை, பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும் இயல்புடையது. பச்சிலை குடித்தவரும் எழுந்து உட்கார்ந்தார். குடிக்காதவரும் எழுந்து உட்கார்ந்தார். குடிக்காதவர் திண்ணையில் வந்து கதை சொல்வதில்லை, அவரிடம் சொல்ல ஒன்றுமில்லை. குடித்தும் பிழைக்காதவர் வந்து சொல்ல முடியாது. நம் காதுக்கு வந்து சேர்கிற கதை ஒரே ரகமாக இருப்பதன் ரகசியம் இதுதான். பச்சிலையை நான் பழிக்கவில்லை. அது வேலை செய்யலாம். மாமா பிழைத்த கதை அதற்குச் சாட்சி ஆகாது என்கிறேன். 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் வைத்தியர், பல் ஈறு அழுகும் ஸ்கர்வி நோயில் கிடந்த 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராக ஆறு ஜோடிகளாகப் பிரித்து, ஜோடிக்கு ஒரு மருந்து கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற ஜோடி எழுந்து வேலைக்குப் போயிற்று. பன்னிரண்டு பேரை வைத்துக்கொண்டு ஒருவரோடு ஒருவரை ஒப்பிட முடிந்தது. நமக்கு ஒரே ஒரு மாமா போதுமானதாக இருக்கிறது.

படிப்பு இருந்தால் இந்தக் கோளாறு வராது என்று நினைக்க வேண்டாம். படிப்பு சில சமயம் கோளாறைக் கெட்டிப்படுத்தும். வியன்னா நகரத்துப் பொது ஆஸ்பத்திரியில் 1840-களில் இரண்டு பிரசவ வார்டுகள் இருந்தன. முதல் வார்டில் மருத்துவ மாணவர்கள் பிரசவம் பார்த்தார்கள், இரண்டாவதில் மருத்துவச்சிகள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று முறை வைத்து ஏழைப் பெண்களைச் சேர்த்துக்கொண்டார்கள். 1846-ல் முதல் வார்டில் நூற்றுக்குப் பதினொரு தாய்மார்களுக்கு மேல் பிரசவ ஜுரத்தில் இறந்தார்கள். இரண்டாம் வார்டில் மூன்று பேர்கூட இல்லை. இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற இளம் டாக்டருக்கு இந்த வித்தியாசம் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. காற்றின் கெடுதலா? இரண்டு வார்டுக்கும் ஒரே காற்று. கூட்ட நெரிசலா? இரண்டாம் வார்டில்தான் நெரிசல் அதிகம். சாகிறவர்களுக்காக மணி அடித்துக்கொண்டு வருகிற பாதிரியாரைப் பார்த்து மிரண்டு சாகிறார்களா? அவரை வேறு வழியாக, மணி இல்லாமல் வரச் சொல்லிப் பார்த்தார். சாவு குறையவில்லை. கடைசியில், பிணத்தை அறுத்துப் படித்த கையோடு பிரசவம் பார்க்க வருகிற மாணவர்களின் கைகளில்தான் எமன் இருக்கிறான் என்று கண்டார். 1847 மே மாதத்திலிருந்து குளோரின் கலந்த நீரில் கை கழுவச் சொன்னார். அந்த வருஷம் ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த சாவு, 1848-ல் நூற்றுக்கு ஒன்றேகாலாக இறங்கியது.

உலகம் அவரைத் தலையில் தூக்கிவைத்து ஆடியிருக்க வேண்டும் அல்லவா? வியன்னாவின் பெரிய பேராசிரியர்களில் பலர் அவரை நம்பவில்லை. கனவான்களின் கை அழுக்கு என்று ஓர் எண் சொன்னால், கனவான்கள் கையையா சந்தேகிப்பார்கள்? எண்ணைத்தான் சந்தேகித்தார்கள். அவர் வியன்னாவை விட்டே போனார். 1865-ல் ஒரு மனநோய் விடுதியில் செத்தார். இந்தக் கதையில் என்னை உலுக்குவது அவருடைய முடிவுகூட இல்லை. முதல் வார்டின் முறை நாளில் வந்துவிட்ட பெண்கள், முழங்காலில் விழுந்து, "இரண்டாவது வார்டில் சேருங்கள்" என்று கெஞ்சியிருக்கிறார்கள். சிலர் தெருவிலேயே பெற்றுக்கொண்டு பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார்கள். தெருவில் பெற்றவர்களுக்கு ஜுரம் குறைவாகவே வந்தது என்பதையும் செம்மல்வைஸ் எண்ணி வைத்திருக்கிறார். எழுத்து வாசனை இல்லாத அந்தப் பெண்களுக்குக் கணக்கு வந்திருந்தது. பேராசிரியர்களுக்குத்தான் வரவில்லை.

ஓட்டு விஷயத்துக்கு வருவோம். இதில் அதிக நேரம் நிற்கப் போவதில்லை. கட்சிக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்பதற்காக அல்ல, கணக்கு அவ்வளவு சுலபம் என்பதற்காக.

தேர்தல் முடிவு வந்த மறுநாள், "தமிழகமே திரண்டு தூக்கி எறிந்துவிட்டது" என்று பேசுவது நமது வழக்கம். 1991 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க.வுக்கு விழுந்த வாக்கு நூற்றுக்கு 22-க்கு மேல். கிடைத்த இடம், 234-ல் இரண்டு. அதே தேர்தலில் அ.தி.மு.க.வோடு சேர்ந்து நின்ற காங்கிரஸுக்கு வாக்கு நூற்றுக்குப் பதினைந்து, இடம் அறுபது. ஐந்து வருஷம் கழித்து, 1996-ல், சக்கரம் அப்படியே திரும்பியது. அ.தி.மு.க.வுக்கு நூற்றுக்கு 21-க்கு மேல் வாக்கு, நாலே இடம். தி.மு.க.வோடு நின்ற த.மா.கா.வுக்கு ஒன்பது சொச்சம் வாக்கு, 39 இடம். அதற்கும் முன்னே, 1967-ல், காங்கிரஸ் ஆட்சி போய் தி.மு.க. ஆட்சி வந்ததே, அந்தத் தேர்தலில் இரண்டு கட்சிக்கும் விழுந்த வாக்கு ஏறக்குறைய நூற்றுக்கு 41 வீதம். இன்னும் சொன்னால் காங்கிரஸுக்கு மயிரிழை கூடுதல். இடங்களோ தி.மு.க.வுக்கு 137, காங்கிரஸுக்கு ஐம்பது சொச்சம்.

இதில் தில்லுமுல்லு எதுவும் இல்லை. தொகுதிக்குத் தொகுதி முதலில் வருகிறவர் ஜெயித்தார் என்கிற முறையில், கூட்டணி சேர்ந்து, பங்கு போட்டுக்கொண்ட தொகுதிகளில் மட்டும் நிற்கிற கட்சிக்குக் குறைந்த வாக்கில் நிறைய இடம் கிடைக்கும். தோழமைக் கட்சியின் ஓட்டும் அதற்கே விழும், ஆனால் அந்தத் தோழமையின் பேரில் வேறெங்கோ எழுதப்படும். எல்லாத் தொகுதியிலும் இரண்டாவதாக வருகிறவருக்கு ஓட்டு மலைபோல் குவிந்தாலும் இடம் வராது. இது தெரிந்தால் என்ன லாபம் என்கிறீர்களா? 1991-லும் 1996-லும், ஐந்தில் ஒரு தமிழருக்கு மேல் வாக்களித்த கட்சிக்குச் சட்டமன்றத்தில் ஒரு பெஞ்சு நிறைய ஆள் இல்லை. நாம் அதைப் பார்த்து, "மக்கள் அலை" என்று கவிதை பாடினோம். ஜெயித்தவரும் அந்தக் கவிதையை நம்பினார். நாடே தன் பக்கம் என்று நினைத்துக்கொண்ட ஆட்சிகள் பிறகு நடந்துகொண்ட விதத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

கருத்துக் கணிப்பு என்று ஒரு கூத்து நடக்கிறதே, அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம்முடைய பாட்டிமார்களுக்கு இந்த விஞ்ஞானம் தெரியும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று அவர்கள் சொன்னார்கள். ஆனால் அவர்கள் பானையைக் கிளறிவிட்டுத்தான் அந்த ஒரு சோற்றை எடுத்தார்கள். அமெரிக்காவில் 1936-ல் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற பத்திரிகை ஒரு கோடிப் பேருக்குச் சீட்டு அனுப்பி, இருபது லட்சத்துக்கு மேல் பதில் வாங்கி, ரூஸ்வெல்ட் தோற்பார் என்று அறிவித்தது. அன்றைய 48 மாநிலங்களில் 46-ஐ ரூஸ்வெல்ட் பிடித்தார். டெலிபோன் வைத்திருந்தவர்கள், கார் வைத்திருந்தவர்கள் ஆகியோரின் பட்டியலைப் பார்த்துச் சீட்டு அனுப்பியிருந்தார்கள். பதில் போட்டவர்களும் கோபத்தில் இருந்த ஒரு சாரார்தான். பானையின் மேல் அடுக்கை மட்டும் அள்ளி அள்ளிப் பார்த்தார்கள், கிளறவில்லை. அள்ளியது இருபது லட்சம் பருக்கையாக இருந்து என்ன பிரயோஜனம்? நம் வாட்ஸ்அப் குழுவும், அடுக்குமாடிக் குடியிருப்பும், காலை நடைக்கு வருகிற நண்பர்களும் இந்த மேல் அடுக்குதான். "நான் பார்த்தவரையில் எல்லாருமே இந்தக் கட்சிக்குத்தான் போடுகிறார்கள்" என்று சொல்கிற பெரியவரைப் பார்த்து, "நீங்கள் யாரைப் பார்த்தீர்கள், ஸார்?" என்று கேட்டால் போதும்.

இந்த இடத்தில் என்னுடைய எழுத்தாள நண்பர்கள் குறுக்கிடுவார்கள். "எண்ணுக்கு இதயம் இல்லை. மனிதனை எண்ணாக்கினால் மனிதத் தன்மை போய்விடும். நாம் ஒரு முகத்தை, ஒரு கண்ணீரைக் காட்டுகிறவர்கள்" என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. கைத்தட்டலும் கிடைக்கும். நளன் கதையை அவர்கள் மறந்துவிட்டார்கள். சூதிலே நாட்டைத் தோற்று, மனைவியைக் காட்டில் விட்டு, தேரோட்டியாகத் திரிந்த நளனுக்கு, இருதுபன்ன ராஜன் ஒரு தான்றி மரத்தை ஓடுகிற தேரிலிருந்தே பார்த்து அதில் இருப்பனவற்றின் தொகையைச் சொன்னான். நளன் நம்பாமல் இறங்கி எண்ணிப் பார்த்தான், சரியாக இருந்தது. அந்த வித்தையை அவன் கற்றுக்கொண்ட பிறகுதான் அவனைப் பிடித்திருந்த கலி வெளியேறினான் என்கிறது மகாபாரதம். காதல் கதைகளில் தலையாய கதை அது. அதற்குள் கணக்குக்கு இடம் கொடுத்தவனுக்கு இதயம் இல்லை என்று யார் சொல்வார்கள்?

எண்ணுக்கு இதயம் உண்டா இல்லையா என்பதை நம் வீட்டுக் கதை ஒன்றை வைத்தே பார்த்துவிடலாம்.

1710-ல் ஜான் ஆர்பத்நாட் என்ற டாக்டர், லண்டன் மாதா கோவில்களில் ஞானஸ்நானம் பெற்ற குழந்தைகளின் கணக்கை 82 வருஷங்களுக்கு எடுத்துப் பார்த்தார். ஒரு வருஷம் விடாமல் ஆண் குழந்தைகளே கொஞ்சம் அதிகம். அவர் அதைக் கடவுளின் ஏற்பாடு என்று முடிவு கட்டினார். அது அவருடைய நம்பிக்கை. கணக்கு நிலைத்துவிட்டது. மனிதன் கை வைக்காத இடத்தில், 100 பெண் குழந்தைகளுக்குச் சுமார் 105 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. திருப்பிச் சொன்னால், 1,000 ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 950 சொச்சம். பிறந்த பிறகு, ஒரே மாதிரி சோறும் மருந்தும் கிடைத்தால், பெண் குழந்தைகளே சற்று அதிகமாகப் பிழைக்கும்.

இந்தியாவில் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளில், 1,000 ஆண்களுக்குப் பெண்கள் 1981-ல் 962. 1991-ல் 945. 2001-ல் 927. 2011-ல் 919. பஞ்சாபிலும் ஹரியானாவிலும் 2011-ல் 850-க்கும் கீழே. படிப்பு வளர்ந்தது, வருமானம் வளர்ந்தது, வீட்டுக்கு வீடு டெலிவிஷன் வந்தது. இந்த எண் மட்டும் இறங்கிக்கொண்டே போயிற்று. பட்டிக்காட்டு அறியாமை என்று தப்பித்துக்கொள்ள வழி இருக்கிறதா என்று பார்த்தால், அதுவும் இல்லை. 2011-ல் கிராமங்களில் 923, நகரங்களில் 905. ஸ்கேன் மெஷின் இருக்கிற ஊரில், அதற்குப் பணம் கட்டக்கூடியவர்கள் வாழ்கிற தெருவில், பெண் குழந்தை அதிகமாகக் காணாமல் போயிருக்கிறது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்லக் கூடாதென்று 1994-லேயே சட்டம் வந்துவிட்டது. அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1992-ல், பெற்றவர்கள் வேண்டாம் என்கிற பெண் சிசுக்களைக் கொல்லாமல் போட்டுவிட்டுப் போகட்டும் என்று தமிழ்நாடு அரசு சேலத்தில் தொட்டில் வைக்க ஆரம்பித்தது. ஓர் அரசாங்கம் தொட்டில் வாங்கி வைக்க வேண்டிய நிலை நம் ஊரிலேயே இருந்தது என்பதை, வடக்கே கை நீட்டுகிறவர்கள் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது என் எழுத்தாள நண்பர்களைக் கேட்கிறேன். இந்தக் குற்றத்தை எந்த முகத்தில் காட்டுவீர்கள்? எந்த வீட்டுக்குப் போய்க் கேட்டாலும், "எங்கள் வீட்டிலா? நாங்கள் பெண்ணையும் பிள்ளையையும் ஒன்றாகத்தான் பார்க்கிறோம்" என்பார்கள். மூத்தது பெண், இரண்டாவது கர்ப்பம் "தங்கவில்லை", பிறகு ஒரு பிள்ளை. "டாக்டர் ஏதோ கோளாறு என்றார்." நம்பலாம். ஒரு வீட்டில் அது உண்மையாகவே கோளாறாக இருக்கலாம். பத்து வீட்டிலும் இருக்கலாம். ஒவ்வொரு வீடாக விசாரித்தால் ஒவ்வொரு வீடும் நிரபராதி. எல்லா வீடுகளையும் சேர்த்து எண்ணுகிறபோதுதான் கோளாறு பெண் குழந்தையை மட்டும் தேடிப் பிடிக்கிறது என்பது தெரிகிறது. 1990-ல் அமர்த்தியா சென், உலகத்தில் பத்துக் கோடிப் பெண்களுக்கு மேல் காணவில்லை என்று எழுதினார். அவர் எந்தப் பெண்ணின் பெயரையும் சொல்லவில்லை. சொல்ல முடியாது. அவர்களில் பலருக்குப் பெயரே வைக்கப்படவில்லை.

முப்பது நாவல் எழுதினவனாலும் அந்தப் பெண்ணைப் பாத்திரமாக்க முடியாது. அவள் பேசவில்லை, நடக்கவில்லை, அழக்கூட இல்லை. பெற்றவளே அவளைப் பற்றி வாய் திறக்க மாட்டாள். உலகத்தில் அவள் இருந்திருக்க வேண்டும் என்பதற்கு இருக்கிற ஒரே சாட்சி, 962 என்கிற எண்ணுக்கும் 919 என்கிற எண்ணுக்கும் நடுவே இருக்கிற பள்ளம். அந்தப் பள்ளத்தைப் பார்த்து, "எண்ணுக்கு இதயம் இல்லை" என்கிறவர், தம்முடைய கண்ணுக்கு முன்னே கொண்டுவந்து நிறுத்தினால் ஒழிய யாருக்காகவும் அழமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறார் என்றுதான் அர்த்தம். அந்தக் கண்ணீரை நான் மதிக்கத் தயாராக இல்லை.

நாம் கணக்கைக் கண்டு மிரள்வதற்கு இதுவே உண்மையான காரணம் என்று நினைக்கிறேன். கதை நம்மை நல்லவர்களாகக் காட்டும். கதையைப் படித்து அழுகிறபோது, நாம் எப்போதும் அடிபட்டவன் பக்கம் இருக்கிறோம். கணக்கில் நாமும் ஒரு தலை. எண்ணப்படுகிறவர்களில் நாமும் உண்டு. தெருவாரியாக எண்ணினால் நம் தெருவும் அதில் வரும்.

இந்த நாட்டில் 1881-லிருந்து பத்து வருஷத்துக்கு ஒரு முறை, உலக யுத்தத்தின் நடுவே 1941-லும்கூட, மக்கள் தொகையை எண்ணி வந்திருக்கிறார்கள். 2021-ல் எண்ணியிருக்க வேண்டும். எண்ணவில்லை. முதலில் கொள்ளை நோயைக் காரணம் சொன்னார்கள். நோய் தணிந்த பிறகும் வருஷங்கள் ஓடின. சினிமா டிக்கெட் விலை ஏறினால் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுகிற நம் வர்க்கத்தில், "எங்கள் பெண் குழந்தைகள் 919-லிருந்து ஏறினார்களா, இறங்கினார்களா, ஏன் இன்னும் எண்ணிச் சொல்லவில்லை?" என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1-ஆம் தேதியைக் குறித்து 2025-ல் அறிவிப்பு வந்திருக்கிறது. பெரும்பாலும் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்து ஆசிரியைதான் வெயிலில் வந்து கதவைத் தட்டுவார். வீட்டில் எத்தனை பேர், ஆண் எத்தனை, பெண் எத்தனை, வயது என்ன என்று கேட்பார். "நேரமில்லை, அப்புறம் வாருங்கள்" என்று சொல்லிவிடாமல், அவரை உட்காரச் சொல்லி, ஒரு டம்ளர் மோர் கொடுத்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லுங்கள்.